குண்டுமல்லி வளர்ப்பும் பராமரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குண்டுமல்லிச் செடியைத் தொட்டியிலோ வீட்டுத் தோட்டத்திலோ வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஏக்கர் கணக்கில் பயிரிடுவோரைவிட, ஒன்றிரண்டு செடிகளை வைத்துக்கொண்டு அவை ஏன் பூக்கவில்லை என்று கவலைப்படுவோரை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன. கேட்பவர்களில் பெரும்பாலோர் எந்த உரம் போடலாம் என்றுதான் தொடங்குகிறார்கள். ஆனால் அவர்கள் செடிக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் வெயிலும், கிளை வெட்டும் கத்தரியும்தான்.

குண்டுமல்லி என்பது எந்தச் செடி? மற்ற மல்லிகைகளிலிருந்து அதை எப்படி அடையாளம் காண்பது?

தாவரவியலில் இதன் பெயர் ஜாஸ்மினம் சம்பக். ஒலிவ மரம் இடம்பெற்றுள்ள ஓலியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. லின்னேயஸ் 1753-இல் இதற்குப் பெயர் சூட்டியபோது பவளமல்லியின் பேரினமான நிக்டாந்தெஸில் இதைச் சேர்த்திருந்தார். இரண்டும் இரவில் மலரும் வெள்ளைப் பூக்கள் என்பதால் அந்தக் குழப்பம் புரிந்துகொள்ளக் கூடியதே. 1789-இல் வில்லியம் ஐட்டன் அதை மல்லிகைப் பேரினத்துக்கு மாற்றினார்.

செடி பூக்காத காலத்தில் இலையைப் பார்த்தே இனம் காணலாம். குண்டுமல்லியின் இலை தனி இலை. முட்டை வடிவில், பளபளப்பான பச்சையில், கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும், சில வகைகளில் கணுவுக்கு மூன்றாகவும் வரும். ஜாதிமல்லி எனவும் பிச்சி எனவும் வழங்கும் செடியில் ஒரே காம்பில் பல சிற்றிலைகள் இறகு போல வரிசையாக நிற்கும். அதன் மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். முல்லையில் நடுவில் ஒரு பெரிய சிற்றிலையும், அதன் அடியில் காது மடல் போல இரண்டு சிறிய சிற்றிலைகளும் அடிக்கடி காணப்படும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது வீண் வேலையன்று. பிச்சிக்கும் முல்லைக்கும் கவாத்துக் காலமும் (கிளைகளை வெட்டிவிடும் காலமும்) பற்றிப் படரும் இயல்பும் வேறு என்பதால், ஒன்றுக்கான அறிவுரையை மற்றொன்றுக்குப் பின்பற்றினால் ஒரு பருவத்துப் பூவை இழக்க நேரிடும்.

ஒற்றை அடுக்கு வகையை வாங்குவதா, பல அடுக்கு வகையை வாங்குவதா?

முதன்முறையாக வளர்ப்பவருக்கு ஒற்றை அடுக்கோ, சற்றே கூடுதல் இதழ்கள் கொண்ட சாதாரண வகையோதான் ஏற்றது. அது விரைவாகக் கிளைக்கும், எளிதில் வேர் பிடிக்கும், நிறையப் பூக்கும்; உதிர வேண்டிய பூவும் தானே உதிர்ந்துவிடும். சிறு ரோஜாவைப் போல இதழ்கள் செறிந்த பேரடுக்கு வகை பார்ப்பதற்கு மிக அழகானது. ஆனால் மெதுவாக வளரும், பூ எண்ணிக்கையில் குறைவு, வாடிய பூ செடியிலேயே பழுப்பாகி ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் கையால் கிள்ளி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது செடியாக அதை வாங்கலாம்.

எவ்வளவு வெயில் வேண்டும்?

நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து அல்லது ஆறு மணி நேர நேரடி வெயில். வெளிச்சமான இடம் என்பதும் நேரடி வெயில் படும் இடம் என்பதும் ஒன்றல்ல. நம் கண் மங்கலுக்கு உடனே பழகிவிடுவதால், செடி உணரும் வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. ஒரு விடுமுறை நாளில் காலை முதல் மாலை வரை மணிக்கொரு முறை சென்று, செடியின் நிழல் தரையில் தெளிவாக விழுமாறு அதன்மேல் வெயில் படுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். "நல்ல வெயில் வருகிறது" என்று உறுதியாகச் சொல்லும் பலர், இவ்வாறு குறித்த பிறகு இரண்டு மணி நேரம்தான் வருகிறது என்று கண்டுகொள்கிறார்கள். காலை வெயில் கிடைத்து, கடும் கோடையின் பிற்பகலில் மட்டும் சற்று நிழல் விழும் இடம் தொட்டிச் செடிக்கு மிகவும் பொருத்தமானது. ஏனெனில் அந்தப் பிற்பகல் வெயிலை இலை தாக்குப்பிடித்தாலும், சுடும் தொட்டியின் சுவரை ஒட்டிய வேர்கள் வெந்துவிடும்.

செடி தழைத்து நிற்கிறது, இலைகள் கரும்பச்சையாக உள்ளன, ஆனால் பூவே இல்லை. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தின் மையமான கேள்வி இதுதான். குண்டுமல்லி புதிதாக விட்ட தளிரின் நுனியிலும், அதன் மேல் கணுக்களின் இலைக்கக்கத்திலும்தான் (இலை தண்டோடு சேரும் இடுக்கில்) மொட்டு வைக்கும். முற்றிப்போன பழைய கிளை எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் அதிலிருந்து நேரடியாகப் பூவை எதிர்பார்க்க முடியாது. அதிலிருந்து ஒரு புதுத் தளிர் கிளம்ப வேண்டும், அந்தத் தளிர் நான்கைந்து கணு வளர வேண்டும், பிறகுதான் அதன் நுனியில் மொட்டுக் கொத்து தோன்றும். எனவே பூக்களின் எண்ணிக்கை என்பது புதுத் தளிர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு கிளையின் நுனியை வெட்டினால் அந்த இடத்தில் இரண்டு, சில வேளைகளில் மூன்று தளிர்கள் வரும். ஒரு கொத்து வர வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று கொத்துகள் வரும்.

ஆகவே தழைத்தும் பூக்காத செடிக்கு மூன்று காரணங்களை இந்த வரிசையிலேயே ஆராயுங்கள். முதலாவது, வெயில் போதவில்லை. அப்படியானால் கணுக்களுக்கு இடையே உள்ள தூரம் நீண்டு, இலைகள் அகன்று, கிளைகள் வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். இரண்டாவது, நீண்ட காலமாகச் செடி வெட்டப்படவில்லை. மூன்றாவது, தழைச்சத்து (நைட்ரஜன்) அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கிறது. யூரியாவோ பச்சைச் சாணமோ அடிக்கடி இட்டவர்களின் செடிகளில் இலைகள் மென்மையாக, பெரிதாக, கரும்பச்சையாக இருக்கும், மொட்டு மட்டும் இராது. முதல் காரணம் சரிசெய்யப்படாதவரை மற்ற இரண்டையும் சரிசெய்வதால் பயன் ஏதும் இல்லை.

வணிகத் தோட்டங்களில் மேலும் ஓர் உத்தியைக் கையாள்வார்கள். பூ ஓய்ந்த காலத்தில் நீர் பாய்ச்சுவதைக் குறைத்துச் செடியைக் காயவிட்டு, பிறகு கவாத்து செய்து, எஞ்சிய இலைகளையும் உருவிவிட்டு, எருவிட்டு நீர் பாய்ச்சுவார்கள். ஓய்விலிருந்து எழும் செடி ஒரே சமயத்தில் எல்லாக் கணுக்களிலும் தளிர்க்கும். தொட்டியிலும் இதைச் செய்யலாம். ஆனால் தொட்டி மண் விரைவில் காய்ந்துவிடும் என்பதால், கிளை நுனிகள் லேசாகத் தலைசாயும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கவாத்து எப்போது, எந்த அளவுக்கு?

ஆண்டுக்கு ஒரு முறை கடுமையாகவும், பூக்கும் பருவம் முழுவதும் இலேசாகவும் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கடும் கவாத்துக்கு, செடி பூத்து ஓய்ந்த குளிர்காலமே உரிய காலம். உறைபனி இல்லாத வெப்பமான பகுதிகளில் குளிர் தொடங்கியதுமே வெட்டிவிடலாம். கடுங்குளிர் நிலவும் பகுதிகளில் குளிர் முடியும் தறுவாய் வரை காத்திருப்பது நல்லது, இல்லையெனில் புதுத் தளிர்கள் குளிரில் கருகும். நிலத்தில் உள்ள வளர்ந்த செடியைத் தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுவது வழக்கம். தொட்டிச் செடியை மொத்த உயரத்தில் பாதி அல்லது மூன்றில் ஒரு பங்கு எஞ்சும்படி வெட்டலாம். காய்ந்த குச்சிகள், ஒன்றோடொன்று உரசும் கிளைகள், உள்நோக்கி வளர்பவை, பென்சிலைவிட மிக மெல்லியதாக நிழலில் நீண்டுபோனவை ஆகியவற்றை அடியோடு நீக்கிவிட்டால் செடியின் நடுப்பகுதிக்குக் காற்றும் வெளிச்சமும் போகும். வெட்டும்போது ஒரு கணுவுக்குச் சற்று மேலே, கூரான கத்தரியால், ஒரே அழுத்தத்தில் வெட்ட வேண்டும்.

இலேசான கவாத்து என்பது ஒரு கொத்துப் பூத்து முடிந்ததும் அந்தக் கொத்துக்குக் கீழே உள்ள இரண்டு கணுக்களையும் சேர்த்துக் கிள்ளிவிடுவது. பூவைப் பறிப்பதோடு நிறுத்திக்கொண்டு, வெறும் காம்பை அப்படியே விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. கிள்ளிய இடத்தில் வெப்பமான காலத்தில் ஏறத்தாழ ஆறேழு வாரங்களில் அடுத்த கொத்தை எதிர்பார்க்கலாம். இப்படி ஒவ்வொரு அலையாகப் பூக்க வைக்க முடியும்.

கடும் கவாத்து செய்தவுடன் செடி வெறும் குச்சிகளாக நிற்பதைப் பார்த்துப் பலருக்கு மனம் பதறும். முதல் முறை வெட்டியபோது எனக்கும் கை நடுங்கியது. பாதிச் செடியை வெட்டிவிட்டு மறுபாதியைத் துணிவில்லாமல் விட்டுவைத்தேன். அந்த ஆண்டு வெட்டிய பக்கம் முழுக்கப் பூவாகவும், விட்ட பக்கம் வெறும் இலையாகவும் நின்றதே எனக்குக் கிடைத்த முறையான பாடம். ஐயம் இருப்பவர்கள் அதே சோதனையைத் தங்கள் செடியிலும் செய்து பார்க்கலாம்.

எவ்வகை மண்? எவ்வளவு பெரிய தொட்டி?

நீர் தேங்காத, மக்கு நிறைந்த, செம்மண் கலந்த மணற்பாங்கான மண் இதற்கு உகந்தது. கார அமில நிலை (pH) 6 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் காரத்தன்மை கூடினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாமல் போகும். தொட்டிக்குத் தோட்ட மண், நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், ஆற்று மணல் ஆகியவற்றைச் சம அளவில் கலந்துகொள்ளலாம். எடை குறைய வேண்டும் என்றால் மண்ணில் ஒரு பகுதிக்குப் பதிலாகத் தென்னைநார்க் கழிவைச் சேர்க்கலாம்; வெறும் தென்னைநார்க் கழிவிலேயே வளர்ப்பது வேண்டாம், அது மேலே காய்ந்தது போலத் தோன்றி அடியில் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இளஞ்செடிக்கு 20 சென்டிமீட்டர் அகலத் தொட்டி போதும். ஓராண்டு கழித்து 30 முதல் 35 சென்டிமீட்டர் அகலமும் அதே அளவு ஆழமும் உள்ள தொட்டிக்கு மாற்றலாம். எடுத்த எடுப்பிலேயே பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் நின்று அழுகல் வர வாய்ப்புண்டு. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, கடும் கவாத்து செய்யும் அதே நாளில், செடியை வெளியே எடுத்து, சுற்றிச் சுருண்ட வேர்களில் நான்கில் ஒரு பங்கை வெட்டிவிட்டுப் புது மண்ணில் அதே தொட்டியிலேயே மீண்டும் வைக்கலாம்.

நிலத்தில் நடுவதானால்?

30 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள குழியை எடுத்துச் சில நாட்கள் ஆறவிட்டு, மேல்மண்ணோடு சுமார் 10 கிலோ மக்கிய தொழுவுரத்தைக் கலந்து நிரப்பி, மழைக்காலத் தொடக்கத்தில் நடலாம். செடிக்குச் செடி ஒன்றேகால் மீட்டர் இடைவெளி இருக்கட்டும். நட்ட முதல் ஆண்டில் பூவை எண்ணாதீர்கள்; அடிக்கிளைகள் பெருகுகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

நாட்கணக்கு வைத்து ஊற்றுவதே பல செடிகள் சாவதற்குக் காரணம். விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேல் மண் காய்ந்து உள்ளே இலேசான குளிர்ச்சி மட்டும் தெரிந்தால் ஊற்றலாம். ஊற்றும்போது தொட்டியின் அடித் துளை வழியாக நீர் வெளியேறும் வரை ஊற்றி, பிறகு மீண்டும் காயும் வரை தொடாதிருங்கள். தினமும் ஒரு குவளை ஊற்றுவது மேல் வேரை நனைத்து அடிவேரைப் பட்டினி போடும். கோடையில், மொட்டு கட்டியுள்ள சமயத்தில், தொட்டிச் செடிக்குத் தினமும், சில வேளை இரு வேளையும்கூடத் தேவைப்படலாம். அப்போது ஒரு முறை நன்றாக வாடவிட்டாலும் சிறு மொட்டுகள் உதிர்ந்துவிடும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் அதில் தேங்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும்.

எந்த உரம் போடலாம்?

இந்தக் கேள்வியை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம், வெயிலும் கவாத்தும் சரியாக இருந்தால் மட்டுமே உரம் பேசும் என்பதே. வணிகத் தோட்டங்களில் வளர்ந்த செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 60 கிராம் தழைச்சத்தும், 120 கிராம் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), 120 கிராம் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) இரண்டு தவணையாகப் பிரித்துப் பரிந்துரைக்கப்படுகின்றன. முதல் தவணை கவாத்துக்குப் பின், இரண்டாவது ஆறு மாதம் கழித்து. தழைச்சத்து மற்ற இரண்டிலும் பாதி அளவே என்பதைக் கவனியுங்கள். அந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், தொட்டிக்கு அந்த அளவுகளை அப்படியே இட்டுவிடக் கூடாது, வேர் கருகிவிடும்.

தொட்டிக்கு நான் பின்பற்றும் முறை எளியது. கவாத்து செய்ததும் மேல்மண்ணைக் கிளறி இரண்டு கை மண்புழு உரமும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும் கலந்துவிடுவேன். தளிர் விட்ட பிறகு, இம்மூன்று சத்துகளும் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை, ஏற்கெனவே ஈரமாக உள்ள மண்ணில் ஊற்றுவேன். செடி பூ ஓய்ந்த பிறகு, கவாத்து செய்யும் வரை உரம் எதுவும் தேவையில்லை.

முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, அரிசி கழுவிய நீர் ஆகியவை பற்றி?

இவற்றால் தீமை அதிகம் இல்லை, நன்மையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. முட்டை ஓடு கரைவதற்கு மிக நீண்ட காலமாகும். வாழைப்பழத் தோலை மட்கவிடாமல் மண்ணில் புதைத்தால் எறும்பும் ஈயும் வரும். தேயிலைச் சக்கையைச் சர்க்கரை போகக் கழுவாமல் போட்டாலும் அதே நிலைதான். எல்லாவற்றையும் ஒரு மக்குத் தொட்டியில் போட்டு, மக்கிய பிறகு எருவாக இடுவதே முறை.

இலைகள் மஞ்சளாகின்றன. காரணம் என்ன?

எந்த இலை மஞ்சளாகிறது, எப்படி மஞ்சளாகிறது என்பதைப் பார்க்காமல் இதற்கு விடை கூற முடியாது. நுனியில் உள்ள இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. காரத்தன்மை கொண்ட மண்ணிலும் கடின நீர் ஊற்றும் இடங்களிலும் இது மிகவும் சகஜம். லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட்டைக் கரைத்து, மாதம் ஒரு முறை, பச்சை திரும்பும் வரை இலைகளில் தெளிக்கலாம். அடியில் உள்ள முதிர்ந்த இலைகளில் நரம்புகளுக்கு இடையே மட்டும் மஞ்சள் படர்ந்தால் மெக்னீசியக் குறைபாடு. முதிர்ந்த இலைகள் முழுவதுமாக வெளிறி, செடியும் வளராமல் நின்றால் தழைச்சத்துக் குறைபாடு. மேலும் கீழும் ஒருசேர மஞ்சளாகி, மண் எப்போதும் ஈரமாக இருந்தால், குற்றவாளி நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான். உரத்தைத் தேடாமல் வடிகாலைச் சரிசெய்யுங்கள். குளிர்காலத்தில் சில பழைய இலைகள் மஞ்சளாகி விழுவது இயல்பானது.

மொட்டுகள் விரிவதற்கு முன்பே இளஞ்சிவப்பாகி உதிர்கின்றன. இது நோயா?

விரிந்து வாடிய பூ இளஞ்சிவப்புச் சாயல் கொள்வது இயற்கை. விரியாத மொட்டு சிவந்தால் அது மொட்டு ஈயின் வேலை. கொசுவைப் போன்ற மிகச் சிறிய இந்த ஈ மொட்டில் முட்டையிடும். வெளிவரும் புழுக்கள் மொட்டின் அடிப்பகுதியை உள்ளிருந்து உண்ணும். மொட்டு வீங்கி, வளைந்து, ஊதாவோ இளஞ்சிவப்போ ஆகி உதிரும். ஒன்றைப் பிளந்து பார்த்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள வெளிறிய புழுக்கள் தெரியும்.

இதன் வாழ்க்கைச் சுற்றைத் தெரிந்துகொண்டால் மருந்தே இல்லாமல் பெரும்பகுதியைக் கட்டுப்படுத்தலாம். புழு வளர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும், பின்னர் அங்கிருந்து ஈயாக வெளிவரும். எனவே சிவந்த மொட்டுகளை, உதிர்ந்தவற்றையும் செடியில் உள்ளவற்றையும், தினமும் பொறுக்கி ஒரு பையில் கட்டி வெயிலில் வைத்து அழிக்க வேண்டும். மக்குக் குழியில் போடக் கூடாது. மேல்மண்ணை வாரம் ஒரு முறை கிளறிவிட்டு வேப்பம் பிண்ணாக்குத் தூவலாம். தொட்டியின் மண்பரப்பைத் துணியாலோ தடித்த தாளாலோ மூடிவைத்தால் புழு மண்ணுக்குள் செல்வதும் ஈ வெளியேறுவதும் தடைபடும். இரண்டு மூன்று வாரம் சோர்வடையாமல் செய்தால்தான் பலன் தெரியும். நாலு நாள் பொறுக்கிவிட்டு விட்டுவிடுபவர்களுக்கு இது ஓயாத தொல்லைதான்.

மொட்டில் வட்டத் துளையும், சுற்றிலும் நூலாம்படையும் எச்சமும் இருந்தால் அது மொட்டுப் புழு. பச்சை உடலும் கறுப்புத் தலையும் கொண்ட இது ஒன்றை முடித்து அடுத்த மொட்டுக்குப் போகும். கையால் எடுத்துவிட்டு, லிட்டர் நீருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சில சொட்டுத் திரவ சோப்புடன் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

இலைகள் சாம்பல் பூத்தது போல வெளிறுகின்றன. அடியில் மெல்லிய வலை தெரிகிறது.

செம்பேன். வறண்ட, காற்றோட்டமில்லாத, புழுதி படிந்த இடங்களில் பெருகும். முதல் மருந்து தண்ணீர்தான். இலைகளின் அடிப்புறத்தில் படும்படி மூன்று நாட்களுக்கு ஒரு முறை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி குறைந்துவிடும். குறையாவிட்டால் நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். கடும் வெப்பத்தில் கந்தகம் தெளித்தால் இலை பொசுங்கும். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரமாவது கழித்துத்தான் கந்தகம் தெளிக்க வேண்டும்.

தண்ணீர் இருந்தும் செடி திடீரென்று வாடுகிறதே?

வேரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வேர் பழுப்பாகிக் குழைந்து, தோல் உரிந்து வந்தால் வேரழுகல். தண்டின் அடியில் கடுகு போன்ற உருண்டைகளும் வெள்ளைப் பூஞ்சண இழைகளும் தென்பட்டால் அது மண்ணில் வாழும் பூஞ்சையின் தாக்குதல். அழுகிய வேர்களை வெட்டி, மேலும் அதே அளவுக்குக் கிளைகளைக் குறைத்து, புது மண்ணில் வைத்து நிழலில் தேற்றலாம். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால் நல்ல கிளைகளிலிருந்து போத்து (வேர்விட நடும் தண்டுத் துண்டு) எடுத்து வைத்துக்கொண்டு செடியைக் கைவிடுவதே புத்திசாலித்தனம். வேர்களில் மணி மணியாக முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. அது மெல்லக் கொல்லும். அந்த மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். நிலமாக இருந்தால் சுற்றிலும் செண்டுமல்லியை நெருக்கமாக வளர்த்தால் நூற்புழுக்களின் எண்ணிக்கை குறையும்.

புதுச் செடி உண்டாக்குவது எப்படி?

பதியன் போடுவது தவறாத முறை. தரையோடு வளைக்கக் கூடிய, ஓராண்டு முதிர்ந்த கிளையைத் தேர்ந்தெடுத்து, ஒரு கணுவுக்கு அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத் தோலைச் சீவி, அந்த இடத்தை மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்துக்குச் சற்றுக் குறைவாகப் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். நுனி வெளியே நிற்கட்டும். மூன்று, நான்கு மாதங்களில் வேர் பிடித்துவிடும். தாய்ச் செடியிலிருந்து வெட்டிய பிறகும் ஒரு வாரம் அங்கேயே விட்டுவைத்து, பின்னர் பெயர்த்து நடலாம்.

நிறையச் செடிகள் வேண்டுமானால் போத்து நடலாம். கவாத்து செய்த கழிவே இதற்குப் போதும் என்பதால் தனியாக வெட்ட வேண்டியதில்லை. மிகப் பச்சையாகவும் இல்லாமல் மிக முற்றியும் போகாமல், வளைத்தால் சற்று எதிர்த்து நிற்கும் தண்டை 15 சென்டிமீட்டர் நீளத்தில், மூன்று கணுக்கள் இருக்கும்படி நறுக்குங்கள். கீழ் வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக இருக்கட்டும். அடி இலைகளை நீக்கி, வேர் ஊக்கித் தூளில் தொட்டு, ஈர மணலில் இரண்டு கணுக்கள் புதையும்படி ஊன்றி, மேலே ஒளி ஊடுருவும் பையைக் கவிழ்த்து, வெளிச்சமான நிழலில் வையுங்கள். ஐந்து முதல் ஏழு வாரத்தில் வேர்விடும். நடுவில் ஒரு தளிர் வந்ததைப் பார்த்து மகிழ்ந்து பிடுங்கிப் பார்க்காதீர்கள். தண்டில் இருந்த சேமிப்பைக் கொண்டே அந்த முதல் தளிர் வந்திருக்கும், வேர் வந்திருக்க வேண்டும் என்பதில்லை.

விதையிலிருந்து வளர்க்கலாமா?

இயலாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வளர்ப்பில் உள்ள குண்டுமல்லி காய்ப்பது மிக அரிது. குண்டுமல்லி விதை என்று விற்கப்படும் பொட்டலங்களை நம்ப வேண்டாம்.

பூக்களில் மணம் குறைவாக உள்ளது. பறிக்கும் நேரம் தவறா?

இருக்கலாம். மூடிய மொட்டில் மணம் ஏறக்குறைய இல்லை. மணப் பொருள்கள் சர்க்கரையோடு பிணைந்து, ஆவியாக முடியாத நிலையில் அதில் அடங்கியிருக்கும். மாலையில் இதழ் விரியத் தொடங்கும்போதுதான் அவை விடுபட்டுக் காற்றில் கலக்கின்றன. லினலூல், பென்சைல் அசிடேட், ஃபார்னெசீன், இண்டோல் முதலிய பல சேர்மங்களின் கூட்டே நாம் நுகரும் மணம். இவற்றுள் இண்டோலின் கதை வேடிக்கையானது: தனியாக, செறிவாக நுகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும் அந்தப் பொருள், மிகச் சிறிய அளவில் மற்றவற்றோடு சேரும்போதுதான் மல்லிகைக்கு அந்த அடர்த்தி வருகிறது.

எனவே முழு வளர்ச்சி அடைந்து, பால் வெள்ளையாகி, இன்னும் விரியாத மொட்டைக் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பறிக்க வேண்டும். அது அன்று மாலை உங்கள் அறையிலேயே விரியும். பச்சைச் சாயல் நீங்காத மொட்டைப் பறித்தால் அது சரியாக விரியாது, மணமும் முழுமையாக வராது. மறுநாள் காலை வரை செடியில் விட்டுவைத்தால் மணத்தின் பெரும்பகுதி இரவிலேயே போயிருக்கும். பறித்த மொட்டுகளை ஈரத் துணியில் தளர்வாகச் சுற்றி வைப்பது நல்லது, நீரில் ஊறப்போடக் கூடாது. நிழலிலும் குளிரிலும் மலரும் பூக்களில் மணம் இயல்பாகவே சற்றுக் குறையும்.

குளிர் மிகுந்த இடங்களில் வளர்க்கலாமா? வீட்டுக்குள் வைக்கலாமா?

வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும்போது வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும். உறைபனி பட்டால் கிளைகள் கருகும். அத்தகைய இடங்களில் தொட்டியில் வளர்த்து, குளிர்காலத்தில் மட்டும் உள்ளே கொண்டுவந்து, நன்கு வெயில் விழும் சன்னலோரத்தில் வைத்து, தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம். ஆண்டு முழுவதும் வீட்டுக்குள்ளேயே வளர்த்துப் பூவும் பார்க்க வேண்டும் என்பது, வளர்விளக்கு வைக்காதவரை, நிறைவேறாத ஆசை.

குழந்தைகளுக்கோ வளர்ப்பு விலங்குகளுக்கோ நச்சா?

உண்மையான மல்லிகைப் பேரினச் செடியான குண்டுமல்லி நாய்க்கும் பூனைக்கும் நச்சற்றது. ஆனால் மல்லிகை என்ற பெயரை ஒட்டிக்கொண்ட வேறு செடிகள் உண்டு. கரோலினா மல்லிகை எனப்படும் மஞ்சள் பூக் கொடி கடும் நச்சுடையது. அது மல்லிகைக் குடும்பமே அன்று. எனவே பெயரை நம்பாமல், மேலே சொன்ன இலை அடையாளத்தோடு பூவின் நிறத்தையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பத்து ஆண்டுக்கு மேலான செடி பூப்பதை நிறுத்திவிட்டது. பிடுங்கிவிட்டுப் புதியது வைக்கலாமா?

உடனே வேண்டாம். வணிகத் தோட்டங்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வரை நல்ல விளைச்சல் எடுக்கிறார்கள். வீட்டுச் செடி அதற்கு மேலும் வாழும். அடித்தண்டு உறுதியாகவும், நகத்தால் கீறினால் உள்ளே பச்சையாகவும் இருந்தால் புத்துயிர் அளிக்கலாம். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் வெட்டாமல், மிகப் பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டி, அடியிலிருந்து வரும் புதுக் கிளைகளை வளரவிடுங்கள். அடுத்த ஆண்டு இன்னொரு பங்கு, அதற்கடுத்த ஆண்டு மீதி. இதற்கிடையே, வெட்டிய கிளைகளிலிருந்து இரண்டு மூன்று போத்துகளை ஊன்றி வைத்திருங்கள். பழைய செடி தேறாவிட்டாலும் அதே பூ உங்களிடம் இருக்கும்.